ஏழாவது சிப்பி

அத்தியாயம் 5

"வேலை இல்லாத ஒருத்தன் ஒளிச்சு வைக்கிறான். வேலை இல்லாத இன்னொருத்தன் தேடிக் கண்டுபிடிக்கிறான். கண்டுபிடிச்சதை வீட்டை கொண்டு போறானோ எண்டால் அதுவும் இல்லை. பேரை எழுதிப்போட்டுத் திரும்ப அங்கையே வைக்கிறான். பிள்ளை, இதைத்தானோ நாங்கள் காலமை ஆறு மணியிலையிருந்து துப்பறியிறம்?"

கேட்டுவிட்டு நாகலிங்கம் தேநீரை உறிஞ்சினார். முப்பது வருடம் பருத்தித்துறை பஸ்ஸில் கண்டக்டராக நின்றவர். ஓய்வு பெற்ற பிறகு துஷாந்தினியிடம் உதவியாளராகச் சேர்ந்து மூன்று வருடமாகிறது. ஏறுகிற ஆளின் முகத்தைப் பார்த்தே எங்கே இறங்குவான் என்று சொல்லிவிடுவார். அந்தத் திறமைக்காகத்தான் அவரை வைத்திருந்தாள். அவருடைய வாயைச் சகித்துக்கொள்வது அதற்கு அவள் கொடுத்த விலை.

"அதுக்குப் பேர் ஜியோகேஷிங், அண்ணை. உலகம் முழுக்கச் சனம் ஒளிச்ச பெட்டியை ஃபோனாலை தேடி விளையாடுது."

"உலகம் முழுக்க வேலை இல்லை எண்டு சொல்லுங்கோ."

துஷாந்தினி சிரிக்கவில்லை. நாளை காலை பத்து மணிக்குக் காணி விசாரணையின் இரண்டாவது அமர்வு. கையில் இருந்தது இந்த ஒரே ஒரு துப்புத்தான்.

பருத்தித்துறைக்கு அப்பால், கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கிற சின்ன ஊர் ஆலாமுனை. அறுபது மீன்பிடிக் குடும்பங்கள், ஒரு மாதா கோயில், கரையோரம் ஒரு சின்னச் சேமக்காலை. சேமக்காலையில் ஐந்தே ஐந்து கல்லறைக் கற்கள். மூன்று கிழமைக்கு முன்னால், ஊர்ச்சனம் முழுவதும் பக்கத்துப் பங்கின் திருநாளுக்குப் போயிருந்த ஒரு பகல்பொழுதில், அந்த ஐந்து கல்லும் காணாமல் போயின. திரும்பி வந்து பார்த்தால் மண் தோண்டும் பெக்கோ இயந்திரம் ஓடிய தடமும் சமப்படுத்திய மண்ணும்தான் மிச்சம். அந்தக் காணியில் ஹோட்டல் கட்ட வந்த கம்பனி, அங்கே ஒருநாளும் சேமக்காலை இருந்ததில்லை என்று கையை விரித்தது. லைசென்ஸ் பெற்ற நில அளவையாளர் அருட்செல்வன் கையெழுத்திட்ட பிளானும் அதையே சொன்னது. "வெறுங்காணி" என்று அழகான எழுத்தில் எழுதியிருந்தார். பங்குப் புத்தகங்கள் தொண்ணூறுகளில் இடம்பெயர்ந்தபோதே தொலைந்துவிட்டன. இருக்கிற சனத்தின் சொல்லைத் தவிர வேறு ஆதாரம் இல்லை. சனத்தின் சொல் ஆதாரமாகாது என்று கம்பனியின் சட்டத்தரணி முதல் அமர்விலேயே சொல்லிவிட்டார்.

துஷாந்தினிக்கு இப்படிப்பட்ட பேச்சு புதிதல்ல. பதினொரு வருடம் காப்புறுதிக் கம்பனியொன்றில், தானாகத் தீப்பிடித்த கடைகளையும் தானாக மூழ்கிய வள்ளங்களையும் விசாரித்தவள். ஒருநாள் மேலதிகாரி அவளுடைய அறிக்கையில் ஒரு வரியை மாற்றச் சொன்னார். அவள் வரியை மாற்றவில்லை, வேலையை மாற்றிக்கொண்டாள். நெல்லியடியில் ஒரு தையல்கடைக்கு மேலே அறை எடுத்து, தனியார் துப்பறிவாளர் என்று பெயர்ப்பலகை மாட்டினாள்.

அந்தத் துப்பைக் கொடுத்தது லூர்த்தம்மா. ஆலாமுனைக்காரர் சார்பில் வழக்கைக் கொண்டுவந்தவள். முதல்நாள் பேசும்போது, பேச்சோடு பேச்சாக ஒன்றைச் சொன்னாள்: "முந்தி வெள்ளைக்காரர் ஃபோனைப் பிடிச்சுக்கொண்டு வருவினம். கல்லுகளைக் குனிஞ்சு பாத்து எதையோ எண்ணுவினம். உள்ளங்கையிலை எழுதிக்கொண்டு கடற்கரைப் பக்கம் போவினம். கும்பிடுறதும் இல்லை, படமெடுக்கிறதும் இல்லை."

கும்பிடாமல், படமும் எடுக்காமல், எண்ணுவதற்கு மட்டும் ஒருவன் கல்லறைக்கு ஏன் வருகிறான்? அந்தக் கேள்வியோடு இரண்டு இரவு இணையத்தில் அலைந்தபோதுதான் துஷாந்தினி அந்தப் பக்கத்தைக் கண்டாள்.

திரையை நாகலிங்கத்தின் பக்கம் திருப்பினாள். 2016இல் போட்ட பக்கம். பெட்டியை ஒளித்தவர் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் 'கடற்காகம்'. தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தார்:

"ஐந்து கற்களிடம் போங்கள். மிகச் சின்னக் கல்லில் எத்தனை சிப்பி? நங்கூரக் கல்லில் உள்ள ஆண்டின் கடைசி இலக்கம் என்ன? சகோதரர்களின் கல்லில் எத்தனை பெயர்? மூன்று எண்களையும் இதே ஒழுங்கில் எழுதுங்கள். பெட்டி இருக்கும் இடத்தின் அகலக்கோட்டுக்கு அவைதான் கடைசி மூன்று இலக்கங்கள். மற்ற எல்லாம் கீழே தந்திருக்கிறேன்."

"உவர் கடற்காகத்திட்டையே கேட்டால் என்ன?"

"அஞ்சு வருசமா ஒருத்தருக்கும் பதில் இல்லை. கண்டுபிடிச்ச ஆக்கள் சிலருக்கும் எழுதினன். ஒரு ஜெர்மன்காரர் மட்டும் பதில் போட்டார். அழகான இடமாம், எங்கை எண்டு மறந்துபோச்சாம்."

"இந்தப் பக்கத்தையே விசாரணையிலை காட்டலாமே."

"இணையத்திலை ஆரும் எதையும் எழுதலாம் எண்டு சட்டத்தரணி ஒரு நிமிசத்திலை தட்டிவிடுவார். ஆனா பெட்டி அப்பிடி இல்லை. அது இப்பவும் எங்கையோ கிடக்குது. கல்லைப் பாத்து எண்ணினவன் மட்டும்தான் அதைக் கண்டிருப்பான். கண்டவன் ஒவ்வொருத்தனும் உள்ளுக்கை கையாலை எழுதியிருப்பான்."

நாகலிங்கம் கோப்பையை வைத்தார். "நல்லது. எண்ணுறதுக்கு இப்ப கல்லு இல்லையே, பிள்ளை."

"கல்லைத்தான் தூக்கினவை, அண்ணை. கல்லைத் தெரிஞ்ச சனத்தைத் தூக்கேல்லை."

லூர்த்தம்மா கடற்கரையில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தாள். ஐம்பத்தெட்டு வயது. வெயிலில் நின்று நின்று பனைமரம்போல் இறுகிய உடம்பு. கேள்விக்குப் பதில் சொல்லும்போதும் கை நிற்கவில்லை.

"நங்கூரக் கல்லு என்ரை மனுசன்ரை பாட்டன் சூசைப்பிள்ளையின்ரை. முப்பத்தொன்பதாம் ஆண்டு. ஒன்பதின்ரை வால் உடைஞ்சு, பாக்கிறதுக்குப் பூச்சியம் மாதிரி இருக்கும். ஆனா அது ஒன்பதுதான்."

"சகோதரர் கல்லு?"

"அந்தப் பெரும்புயலிலை ஒரே வள்ளத்திலை போன அண்ணன் தம்பிமார். ஊரிலை அஞ்சு பேர் எண்டுதான் கதைப்பினம். அஞ்சாவது ஆள் கூலிக்குப் போன பெடியன், அவன்ரை பேர் கல்லிலை இல்லை. கல்லிலை நாலு."

துஷாந்தினி எழுதிக்கொண்டாள். மூன்றாவது கேள்விதான் மிச்சம். மிகச் சின்னக் கல் யாருடையது என்று அவளுக்குத் தெரியும். 1992இல் லூர்த்தம்மாவுக்குப் பிறந்து ஆறு நாள் உயிரோடிருந்த பிள்ளையின் கல். ஈரச் சீமெந்தில் தாய் தன் கையாலேயே சிப்பிகளைப் பதித்த கல்.

அவள் தயங்கிய அந்தக் கணத்தில் நாகலிங்கம் முந்திக்கொண்டார். "ஆறு நாள் பிள்ளை. ஆறு சிப்பியாத்தானே இருக்கும், என்ன லூர்த்தம்மா?"

லூர்த்தம்மா குனிந்து ஒரு கருவாட்டைத் திருப்பிப் போட்டாள். அந்த மௌனத்தை அவர்கள் 'ஓம்' என்று எடுத்துக்கொண்டார்கள்.

ஆறு, ஒன்பது, நான்கு. எண்களை ஃபோனில் போட்டார்கள். அது காட்டிய திசையில் ஒழுங்கை வழியே நடந்து, ஒரு வேலியைச் சுற்றி, பூவரச மரத்தைத் தாண்டி, கடைசியில் ஒரு கோழிக்கூட்டின் முன்னால் வந்து நின்றார்கள். உள்ளே அடைகிடந்த சிவப்புக் கோழி அவர்களை முறைத்தது.

"பிள்ளை, சாட்சி உள்ளுக்கை இருக்கு," என்றார் நாகலிங்கம். "ஆனா வாக்குமூலம் தாற முகமாத் தெரியேல்லை."

கூட்டைச் சுற்றிப் பார்த்தார்கள். போன வருடம்தான் கட்டிய கூடு. அதற்கு முன்னால் அங்கே வெறும் மணல் என்று வீட்டுக்காரி சொன்னாள். வெள்ளைக்காரர் யாரும் தன் வளவுக்குள் ஒருநாளும் வந்ததில்லை என்றும் சொன்னாள்.

துஷாந்தினி பூவரசின் கீழே நின்று, எங்கே பிழை வந்தது என்று யோசித்தாள். ஆண்டைச் சொல்லும்போது லூர்த்தம்மா உடைந்த வாலைக்கூடச் சொன்னவள். ஊர் ஐந்து என்றபோது கல்லில் நான்கு என்று திருத்தியவள். அப்படிப்பட்டவள் ஒரு கேள்விக்கு மட்டும் வாய் திறக்கவில்லை. அந்த எண்ணை அவள் சொல்லவே இல்லை. ஊகித்தது நாங்கள். கம்பனி செய்ததும் இதுதான் என்று நினைத்தபோது அவளுக்கு முகம் சுட்டது. லூர்த்தம்மாவைக் கேட்காமல், அவளுக்காக நாங்களே சொல்லிவிட்டோம்.

திரும்பிப் போய், மணலில் லூர்த்தம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"லூர்த்தக்கா, நான் கேட்டிருக்க வேணும். கேட்கேல்லை. சின்னக் கல்லிலை எத்தினை சிப்பி?"

லூர்த்தம்மாவின் கை முதல்முறையாக நின்றது.

"ஏழு."

நாகலிங்கம் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஆறு நாள் அவள் இருந்தவள். ஏழாம் நாள் நான் தனிய இருந்தன். அந்த நாளையும் ஆரும் எண்ணவேணும் தானே." அவள் கையைச் சீலையில் துடைத்தாள். "வாங்கோ. நானும் வாறன்."

ஏழு, ஒன்பது, நான்கு. இந்தமுறை ஃபோன் அவர்களைக் கிட்டத்தட்ட இருநூறு மீற்றர் வடக்கே, கடலை நோக்கி இழுத்தது. மணல்மேட்டுக்கு அப்பால், கைவிடப்பட்ட பழைய ஐஸ் தொழிற்சாலை ஒன்று கூரையில்லாமல் நின்றது. பவளப்பாறையில் வெட்டிய முருகைக்கல் சுவர்கள். நாகலிங்கம் தன் ஃபோனில் படம்பிடிக்கத் தொடங்கினார். முதலில் திகதியைச் சொன்னார், பிறகு நேரத்தைச் சொன்னார், பிறகு பழக்கதோஷத்தில் "முன்னுக்குப் போங்கோ, முன்னுக்குப் போங்கோ" என்றார்.

மேற்குச் சுவரில், முழங்கால் உயரத்தில், ஒரு கல் மட்டும் சாந்து இல்லாமல் செருகியிருந்தது. துஷாந்தினி விலகி நின்றாள். லூர்த்தம்மா குனிந்து கல்லை இழுத்தாள். உள்ளே கையை விட்டு, மூடி இறுக்கிய ஒரு பிளாஸ்ரிக் சாப்பாட்டுப் பெட்டியை வெளியே எடுத்தாள்.

முப்பத்துமூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு தாய் சீமெந்தில் பதித்த எண், ஒன்பது வருடத்துக்கு முன்னால் யாரோ ஒரு அந்நியன் ஒளித்த பெட்டிக்கு நேரே கொண்டுவந்து விட்டிருந்தது. சனத்தின் சொல் ஆதாரமாகாது என்றவர் இதற்கு என்ன சொல்லுவார் என்று துஷாந்தினி நினைத்தாள். அவளுக்கு உள்ளூர ஒரு சண்டைக்காரச் சந்தோஷம் கிளம்பியது.

பெட்டிக்குள் இரண்டு வெளிநாட்டு நாணயங்களும் ஒரு சின்னக் குறிப்புப் புத்தகமும் இருந்தன. புத்தகத்தில் நாற்பத்திரண்டு பதிவுகள். செக், ஜெர்மன், ஜப்பான், கொழும்பு. "ஐந்து கற்கள், அமைதியான இடம்" என்று ஆங்கிலத்தில் ஒருவர். "ஏழு சிப்பிகளின் முன்னால் நீண்ட நேரம் நின்றேன்" என்று இன்னொருவர்.

"நாப்பத்திரண்டு டிக்கெட்," என்றார் நாகலிங்கம். "எல்லாம் ஒரே பஸ் ஹோல்ட்டிலை இறங்கியிருக்கு. கம்பனி சொல்லுது, அப்பிடியொரு ஹோல்ட்டே இல்லையாம்."

துஷாந்தினி முதல் பக்கத்துக்குப் போனாள். முதற்பதிவு தமிழில் இருந்தது. 2016 பங்குனி. "முதலில் கண்டவன் நான்தான். சின்னக் கல்லில் மனம் நின்றுவிட்டது." கீழே பெயர் இல்லை, ஒரு சின்னப் படம் மட்டும். வடக்கு நோக்கும் அம்புக்குறி, ஆனால் அம்பின் அடி மீன்வாலைப்போல் இரண்டாகப் பிரிந்திருந்தது.

அவளுடைய விரல் அப்படியே நின்றது. பையைத் திறந்து கம்பனியின் பிளானை எடுத்து மணலில் விரித்தாள். வலது மேல் மூலையில், திசை காட்டும் இடத்தில், அதே அம்பு இருந்தது. அதே மீன்வால்.

"அருட்செல்வன்," என்றாள்.

"ஆர், அந்த வெறுங்காணி எண்டு எழுதின மனுசனோ?" நாகலிங்கத்தின் குரலில் பகிடி இல்லை. "இங்கை வந்து எண்ணிப்போட்டோ அப்பிடி எழுதினது?"

இவ்வளவு நாளும் துஷாந்தினி அந்த ஆளை ஒரு சோம்பேறி என்றே நினைத்திருந்தாள். கம்பனி காட்டிய காணியை, காட்டிய கோணத்தில், வாகனத்தை விட்டு இறங்காமலே அளந்திருப்பார் என்று. அது பிழை. தெரிந்துதான் எழுதியிருக்கிறார்.

கடைசிப் பக்கத்தைப் புரட்டினாள். அங்கேதான் உண்மையான அடி விழுந்தது. நாற்பத்திரண்டாவது பதிவுக்குத் திகதி பத்து நாளுக்கு முந்தியது. கற்கள் போன பிறகு. எழுத்து ஒன்றும் இல்லை. திகதியும், பக்கத்தில் மீன்வால் அம்பும் மட்டும்.

"கல்லு இல்லாத சேமக்காலைக்குப் பெட்டி தேடி ஏன் வந்தவர்?" என்றார் நாகலிங்கம்.

"அழிக்கத்தான் வந்திருப்பார், அண்ணை. இது ஒண்டுதானே மிச்சம்." அவள் புத்தகத்தை மூடினாள். "ஆனா கையெழுத்து வைச்சிட்டுத் திரும்ப வைச்சிருக்கிறார். வாங்கோ, அவரையே கேட்பம்."

அருட்செல்வனின் வீடு நெல்லியடியில், பிரதான வீதியிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி. பின்னேரம் நாலு மணி. கதவைத் திறந்தவர் ஐம்பத்தைந்து வயது மனிதர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றியிருந்தார். துஷாந்தினியின் கையில் இருந்த பெட்டியைப் பார்த்தார். அவளுக்குப் பின்னால் நின்ற லூர்த்தம்மாவைப் பார்த்தார். எதையும் மறுக்கவில்லை. கதிரையில் மெல்ல உட்கார்ந்தார்.

"எடுத்து எரிக்கத்தான் போனனான்," என்றார். "மருமகனுக்குக் கம்பனியிலை வேலை குடுத்தவை. பிளானைக் கேட்டவை. குடுத்தன். கல்லைத் தூக்குவினம் எண்டு சத்தியமா எனக்குத் தெரியாது. தூக்கின பிறகுதான் பெட்டி ஞாபகம் வந்தது. கையிலை எடுத்தும் போட்டன். திறந்தால் முதல் பக்கத்திலை என்ரை எழுத்து."

"ஏன் எரிக்கேல்லை?" துஷாந்தினி கேட்டாள்.

"வெறுங்காணி எண்டு எழுதின கையாலை அதையும் எரிச்சால், பிறகு அந்தக் கையை என்ன செய்யிறது?"

"கையெழுத்து வைச்சால் காணுமோ, ஐயா? மற்ற வேலை எல்லாம் ஊர்ச்சனம் செய்யவேணுமோ?"

அவர் கண்ணைத் துடைத்தார். லூர்த்தம்மாதான் முன்னுக்கு வந்தாள். மேசையில் கிடந்த வெள்ளைத் தாளை அவருக்கு முன்னால் இழுத்து வைத்தாள்.

"அழுது எனக்கொரு பிரயோசனமும் இல்லை. கீறும். நான் சொல்லச் சொல்லக் கீறும்."

அவர் சேமக்காலையின் பிளானைக் கீறினார். அவள் நின்றபடியே சொன்னாள். வாசலிலிருந்து எத்தனை அடி, எந்தக் கல் எந்தப் பக்கம் பார்த்தது, எதற்கு எது நேர். இரண்டு இடத்தில் அவரே, அவள் சொல்ல முதலே, சரியான இடத்தில் புள்ளி வைத்தார். ஒவ்வொரு கல்லுக்கும் பெயர் கேட்டு எழுதினார். ஐந்தாவதற்கு வந்ததும் பேனையை நிறுத்தினார்.

"இந்தக் கல்லிலை பேர் இல்லை. பிள்ளைக்குப் பேர் வைச்சனியளோ?"

"வைச்சனான். மனுசனுக்கு மட்டும் தெரியும். அவரும் போயிட்டார்." லூர்த்தம்மா யன்னலுக்கு வெளியே பார்த்துச் சொன்னாள். "ஸ்ரெல்லா. வடிவா எழுதும்."

அவர் எழுதிக் கையெழுத்திட்டு, முத்திரை குத்தினார். பிறகு தானாகவே சொன்னார்: "கல்லு அஞ்சும் புத்தூரிலை கம்பனியின்ரை யார்டிலை கிடக்குது. உடைச்சுச் சல்லியாக்கச் சொன்னவை. அங்கை கல்லு உடைக்கிறவன் சிலுவையைக் கண்டிட்டு, வேலை போனாலும் தொடமாட்டன் எண்டு நிக்கிறான்."

"அவன்ரை பேரும் வேணும்," என்றார் நாகலிங்கம். "நாளைக்கு விசாரணையிலை அவனுக்கு முன்சீற்."

மறுநாள் விசாரணை மண்டபம் நிறைந்துவிட்டது. ஆலாமுனையில் அன்று ஒரு வள்ளமும் கடலுக்குப் போகவில்லை. துஷாந்தினி பெட்டியை மேசையில் வைத்து, இரண்டே நிமிடம் பேசினாள்.

"இதைக் கண்டுபிடிக்க மூண்டு எண் வேணும். மூண்டும் கல்லிலைதான் இருந்தது. கல்லுகளைத் தூக்கினவை. எண்களைச் சொன்னவ இந்த அம்மா. பெட்டி அந்த எண் காட்டின இடத்திலை இருந்தது. படம் இருக்கு, பாருங்கோ."

விசாரணை அதிகாரியான பெண் படத்தை இரண்டு தரம் பார்த்தார். சட்டத்தரணி எழுந்து, இது சிறுபிள்ளை விளையாட்டு என்றார். அப்போது அருட்செல்வன் எழுந்தார்.

"என்ரை முதல் பிளான் பொய். வேணுமெண்டே பொய்யா எழுதினனான். இதுதான் உண்மையானது," என்று புதிய தாளை நீட்டினார். "என்ரை லைசென்ஸுக்கு வாறது வரட்டும்."

அதிகாரி தாளை வாங்கி, பெயர்களைச் சத்தமாக வாசித்தார். ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் மண்டபத்தில் யாரோ ஒருவர் எழுந்து நின்றார். கடைசியாக, "ஸ்ரெல்லா, வயது ஆறு நாள்," என்று வாசித்தார். லூர்த்தம்மா எழுந்து நின்றாள்.

சட்டத்தரணி கண்ணாடியைத் துடைத்தபடி கேட்டார். "அம்மா, இருக்கலாம். ஆனா ஆறு நாள் பிள்ளைக்கு எவ்வளவு காணி வேணும்? அதுக்காக இவ்வளவு பெரிய அபிவிருத்தியை நிப்பாட்டலாமோ?"

"ஒண்டரை முழம், தம்பி," என்றாள் லூர்த்தம்மா. குரல் உயரவில்லை. "கனக்க இல்லை. அதுக்கு மேலை உங்கடை ஹோட்டலின்ரை ஒரு கல்லை வைச்சுப் பாரும்."

அவளுக்குப் பின்னால் எழுந்து நின்றவர்களில் ஒருவரும் கதிரைக்குத் திரும்பவில்லை. உட்கார்ந்திருந்தவர்களும் ஒவ்வொருவராக எழுந்தார்கள். நாகலிங்கம் எழுந்தார். மூலையில், கையில் சல்லித்தூசி ஒட்டியபடி நின்ற, புத்தூரில் கல்லு உடைக்கிறவனும் முன்னுக்கு வந்து நின்றான்.

அதிகாரி சட்டத்தரணியைப் பார்க்கவில்லை. பேனையை எடுத்து, வேலையை நிறுத்தும் கட்டளையை எழுதத் தொடங்கினார். ஐந்து கற்களையும் அன்று பொழுதுபடுமுன் இருந்த இடத்திலேயே கம்பனி தன் செலவில் நிறுத்த வேண்டும் என்று எழுதி முடிக்கும்வரை, அந்த மண்டபத்தில் ஒருவரும் உட்காரவில்லை.